விளக்குத் தொங்காத வீடு

நான் ஸ்காபரோவில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பனியிலும் சேற்றிலும் மற்றவர்களின் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே தலை நரைத்தவள். பஸ்சில் எப்படி ஏறுவது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் யப்பானில் அந்தச் சின்ன ரெயில் நிலையத்துக்கு வெளியே நின்ற பஸ்சின் முன்கதவில் பெட்டியும் கையுமாகக் காலை வைத்தேன். அது இறங்குகிற கதவாம். இறங்க வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். நானும் குனிந்தேன். அவள் மறுபடி குனிந்தாள். இது முடிவுக்கு வராது என்று கண்ட டிரைவர் வெள்ளைக் கையுறைகளோடு எழும்பி வந்து, என் பெட்டியை வாங்கிக்கொண்டு, பின்கதவு வரை என்னை நடத்திக் கூட்டிப்போய், மெஷினிலிருந்து ஒரு கடதாசித் துண்டைக் கிழித்துத் தந்தார். காசு இறங்கும்போதுதானாம். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என் பஸ்சை ஒருத்தி இப்படி மறித்திருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று யோசித்து, ஓரமாக அடங்கி இருந்தேன்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஆட்கள் அடுத்த கோடைக்கே கூட்டமாகப் போய் இறங்கிவிடுவார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் ஒற்றைத் தெருவாக நீளும் மீன்பிடி ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் நிரோஷன் அங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறான். போய் மூன்று வருஷம். ஊர்க் கோயிலின் இலையுதிர்காலத் திருவிழாவில் சாமியைத் தோளில் காவ அவனுக்கு இந்த வருஷம்தான் இடம் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க நானும் இவரும் சேர்ந்து வருவதாக இருந்தது.

நான் தனியாகத்தான் வந்தேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஊரில் நான் பட்ட பாடெல்லாம் அதைச் சொல்லாமல் பட்ட பாடுதான். நாங்கள் வெளிக்கிட ஒரு கிழமை இருக்கும்போது இவருடைய தமையன், நாங்கள் எல்லோரும் பெரியண்ணை என்று கூப்பிடுகிறவர், ஊரில், கொக்குவிலில் காலமானார். கலியாணம் கட்டாத மனிதர். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை அப்பாட்மென்டில் நாங்கள் இருந்த காலத்தில், ஹோலில் ஒரே மெத்தையில் படுத்தவர்கள் அவரும் நிரோவும்தான். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் திருவிழாவில் சாமி வெளிவீதி வரும்போது காவுதடியின் முன்பக்கம் எப்போதும் பெரியண்ணையின் தோளில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நிரோ தலையணையைத் தோளில் வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றி வருவான். பெரியண்ணை அவனுக்கு முன்னால் கதவைத் தட்டி மேளம் அடிப்பார். பென்ஷன் எடுத்ததும் ஊரோடு போய் இருந்துவிட்டார்.

கொள்ளி வைக்க இவர் கொழும்புக்கு ஏறினார். பியர்சன் விமான நிலையத்தில் நின்று என்னிடம் சொன்னார்.

"இப்ப சொன்னால் அவன் சாமி காவமாட்டான். மூண்டு வருஷமாய்ப் பாத்துக்கொண்டிருந்தவன். முடியட்டும், பிறகு சொல்லுவம்."

"துடக்கெல்லோ?" என்றேன். சாவு விழுந்த குடும்பம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசலை மிதிக்காது. நிரோவும் அந்தக் குடும்பம்தானே.

"கேள்விப்பட்டால்தானே துடக்கு. தெரியாதவனுக்கு என்ன துடக்கு?"

எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. சோதனை முடியட்டும், இன்டர்வியூ முடியட்டும் என்று எத்தனை சாவுகளை எத்தனை பிள்ளைகளுக்கு ஒளித்திருக்கிறோம். அதோடு நானும் ஒரு நியாயம் சேர்த்துக்கொண்டேன். யப்பான் சாமிக்கு எங்கள் துடக்கைப் பற்றி என்ன தெரியும்? அப்பாவுக்கு வேலையில் லீவு கொடுக்கவில்லை என்று நிரோவுக்குச் சொல்லிவிட்டு, நான் யப்பானுக்கு ஏறினேன்.

நிரோ ஹராசான் என்கிற அம்மாவின் வீட்டில் மேல்மாடியில் இருக்கிறான். கோடையில் அவருடைய கணவர் இறந்துபோனதை முன்னமே போனில் சொல்லியிருந்தான். பஸ்சை விட்டு இறங்கி அந்தத் தெருவில் நடந்தபோது வீட்டுக்கு வீடு வாசலில் வெள்ளைக் கடதாசி விளக்கு தொங்கியது. திருவிழாவுக்காம். ஹராசான் வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. பாவம், வயதுபோன மனிசி, ஏறிக் கட்ட ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாசலில் முழங்காலில் இருந்து என்னை வரவேற்றார். என் உயரத்தில் பாதிதான் இருப்பார். என் பெட்டியை மேலே தூக்கிப் போக அவர்தான் முதலில் கை வைத்தார்.

வியாழக்கிழமை முழுக்க நான் சாப்பாட்டோடு மல்லுக்கட்டினேன். துடக்குக்கு மச்சம் மாமிசம் ஆகாது. யப்பானிலோ எல்லாவற்றிலும் மீன் இருக்கிறது. சூப்பில் மீன் அவித்த தண்ணீர், கீரையில் மீன் தண்ணீர், முட்டைப்பொரியலில்கூட அதுதான். வாட்டிய கத்தரிக்காய் ஒன்று வந்தது, ஆகா என்று கையை வைக்கப்போனால் அதன் மேல் தூவியிருந்த கருவாட்டுச் சீவல் சூட்டுக்கு நெளிந்து நெளிந்து ஆடுகிறது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது சோற்று உருண்டை. நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கடித்தால் தேசிக்காய் ஊறுகாயும் பழஞ்சோறும்தான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை மட்டும்தானே நீங்கள் சைவம்? இண்டைக்கு வியாழன்," என்றான் நிரோ.

"நேர்த்தி வைச்சிருக்கிறன்."

"ஃபோர் வாட்?"

"உனக்காகத்தான்." அது ஒரு விதத்தில் பொய்யும் இல்லை. ஹராசான் இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் வேறாக, கடற்பாசித் தண்ணீரில் அவித்த சோயாக் கட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிட்ட பிறகு நிரோ திருவிழாச் சட்டையைப் போட்டுக்காட்டினான். ஹப்பி என்கிறார்கள். இடுப்பளவு நீலச் சட்டை, முதுகில் தெருவின் சின்னம். வலது தோளில் பழகிப் பழகித் தோல் உரிந்து கன்றியிருந்தது. அதைப் பெருமையாகத் தடவினான்.

"முன் பக்கம் தந்திருக்கினம் அம்மா. பெரியப்பா மாதிரி. வீடியோ கோல் எடுப்பம், அவர் பாக்கவேணும்."

"அங்கை கரண்ட் இல்லையாம்."

"போனுக்கு ஏன் கரண்ட்?"

"சார்ஜ் போட்டிருக்கமாட்டார். உனக்குத் தெரியும்தானே அவரை."

அவன் சிரித்தான். படத்தை எடுத்து அவருடைய நம்பருக்கு அனுப்பினான். பிறகு பல் தீட்டப் போகும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் போனை எடுத்து, அவர் பார்த்துவிட்டாரா என்று பார்த்தபடியே இருந்தான். நான் களைப்பு என்று சொல்லி எழும்பிப்போய்ப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்குக் கூட்டிப்போனான். நான் உள்ளே போகாத கோயிலைப் பற்றித்தான் எழுதுகிறேன், மன்னிக்கவேண்டும். ஊர் உண்டாகுமுன்னமே அது அங்கே இருந்ததாம். கடல் சாமி. தெருவின் முடிவில் தோரீ என்கிற பெரிய கல் வாசல், இரண்டு தூணும் மேலே இரண்டு குறுக்குக் கல்லும், கதவு கிடையாது. அதற்கு அப்பால் பாசி பிடித்த படிகள் மரங்களுக்குள் ஏறிப் போகின்றன. இரண்டு பக்கமும் இரண்டு கல் சிங்கங்கள், ஒன்று வாயைத் திறந்தபடி, மற்றது மூடியபடி. கை வாய் கழுவ ஓடு தண்ணீர். படிகளின் உச்சியில் மரப்பட்டை வேய்ந்த கூரையின் ஓரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் ஸ்காபரோ மில்லிக்கனில் ஒரு சுற்றுப்போனால் பிளாசாவுக்குள் பலசரக்குக் கடைக்குப் பக்கத்துக் கதவிலும் ஒரு கோயில் இருக்கும். சாமி அங்கேயும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனாலும் இந்த இடத்தில் காற்றே வேறுமாதிரி இருந்தது.

நான் தோரீக்கு இங்காலேயே நின்றுவிட்டேன்.

"வாங்கோ அம்மா."

"முழங்கால் நோகுது. நீ போயிட்டு வா."

"நேற்று மாடிப்படி ஏறினீங்கள்தானே?"

"அதாலைதான் நோகுது."

அவன் வாசலில் ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டுப் படிகளில் தாவித் தாவி ஏறினான். துடக்கு என்னோடு றோட்டில் நின்றது. அவன் தெரியாமல் போகிறான், பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் திறந்த சிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை நிரோ கோயில் துப்புரவுக்குப் போய்விட்டான். ஹராசான் மரக்கறி வாங்கப் போனார். சும்மா இருக்கத் தெரியாத எனக்கு, செருப்பு வைக்கிற தட்டின் மேல் மடித்து வைத்திருந்த கடதாசி விளக்கு கண்ணில் பட்டது. இருக்கிற இடத்துக்கு ஒரு உதவி செய்யாமல் எப்படி? ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, விளக்கை விரித்து வாசலில் அழகாகக் கட்டிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் தெரு கூட்டிக்கொண்டு நின்றவள், விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிற ஊரில் இவள் ஏன் இப்படிப் போகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஹராசான் திரும்பி வந்தார். விளக்கைக் கண்டதும் கையில் இருந்த முள்ளங்கிப் பையைக் கீழே வைத்துவிட்டார். முதலில் எனக்கு ஒருமுறை குனிந்து வணங்கினார். பிறகு ஸ்டூலில் ஏறி, அவசரப்படாமல் முடிச்சை அவிழ்த்து, விளக்கை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். உள்ளே போய் இருந்ததும் போனை எடுத்து அதற்குள் பேசினார். போன் அதை மொழிபெயர்த்து, செய்தி வாசிப்பவரின் குரலில் இங்கிலீஷில் சொன்னது.

"என் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. இறப்பு நடந்த வீடு திருவிழா விளக்குப் போடாது. நான் கோயில் வாசலுக்குள்ளும் போகமாட்டேன். சாமியைக் காவுகிறவர்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது மேளத்தையும் சத்தத்தையும் நிறுத்திக்கொண்டு போவார்கள். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள்."

எனக்குத் தெரியாதா? சாமி தெருவில் வரும்போது துடக்கு வீடு படலையில் நிறைகுடம் வைக்காது என்று பால்குடி மறந்த நாளிலிருந்து தெரிந்தவள் நான். துடக்கோடு வந்திருந்து, துடக்கு வீட்டுக்கு விளக்குக் கட்டிவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஹராசான் என் கையைப் பிடித்தார். பிறகு காலையில் நான் சாப்பிட்ட தட்டையும் தெருமுனைப் பக்கத்தையும் காட்டி, போனுக்குள் மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் மீன் சாப்பிடவில்லை. நேற்று வாசலுக்கு வெளியே நின்றதையும் கண்டேன். உங்கள் வீட்டிலுமா?"

ஸ்கூல் பஸ் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெரியண்ணை, மெத்தை, தலையணை, காவுதடி எல்லாம். போன் அதை அவருடைய மொழியில் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நிரோசானுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் எழும்பிப்போய் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். அந்தத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாமிக்குத் துடக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். தெரிகிறது. அது போகட்டும், அதை நானும் சாமியும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு அவன் அந்தத் தடியைத் தோளில் வைத்துப் பெரியப்பா பெரியப்பா என்று நினைத்து நடப்பான். நாளை மறுநாள் நான் சொல்வேன். அதற்குப் பிறகு அந்த நடை அவனுக்கு என்னவாக இருக்கும்?

நிரோவைத் தேடிக் கடற்கரை மதிலுக்குப் போனேன். துப்புரவு முடிந்து சோற்று உருண்டை கடித்துக்கொண்டு தனியே இருந்தான். பக்கத்தில் இருந்து சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"தம்பி, பெரியப்பா இல்லை. போயிட்டார்."

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சோற்று உருண்டையைக் கடதாசியில் திரும்பச் சுற்றினான்.

"எப்ப?"

சொன்னேன்.

"ஃபியூனரல்?"

"முடிஞ்சுது. அப்பாதான் கொள்ளி வைச்சவர். அவர் இப்ப ஊரிலைதான்."

"நான் வந்திருப்பன் அம்மா. ஐ வுட்'வ் கம். அப்பாவோடை நிண்டிருப்பன்." போனை எடுத்துப் பார்த்தான். "படம் அனுப்பினன் அவருக்கு. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"உனக்கு இது கிடைக்கவேணும் எண்டு..."

"அவர் இல்லாமல் எனக்கு இது என்னத்துக்கு?"

நான் அவன் முதுகில் கை வைத்தேன். தட்டிவிட்டான். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தேன், இருக்கவிட்டான். பிறகு எழும்பி ஊர்ப் பக்கம் நடந்தான்.

பின்னேரம் திரும்பி வந்தான். முகம் கழுவியிருந்தான். ஹராசானின் அடுக்களை வாசலில் நின்றபடியே சொன்னான்.

"தெருச் சங்கத் தலைவரிட்டைப் போய்ச் சொன்னன். பாதர்ஸ் பிறதர், தூர நாட்டிலை எண்டால் அவ்வளவு பிரச்சினை இல்லையாம். ஐயரிட்டைச் சொல்லித் துடக்குக் கழிப்புச் செய்தால் காவலாமாம்."

"அப்ப காவு ராசா," என்றேன்.

"ஒரு கேள்வி கேட்டவர் அம்மா. ஒரே வீட்டிலை இருந்தவரோ எண்டு. இருந்திருந்தால் காவக்கூடாதாம்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டனான்."

எனக்கு சென் ஜேம்ஸ் ரவுண் ஹோலில் ஜன்னலோரம் கிடந்த அந்த மெத்தை கண்ணுக்குள் வந்தது. நிரோ ஹப்பியை மடித்துத் தலைவரிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தான். முன்பக்கத்துக்கு வேறு ஆள் போடுவார்களாம். வருகிற வருஷம் பார்க்கலாமாம். அவர் பெரியப்பாவின் பெயரைக் கேட்டு இரண்டு தரம் சொல்லிப் பழகினாராம். அன்று மூன்று பேரும் மீன் இல்லாமல் சாப்பிட்டோம். நிரோ என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஆனால் என் கோப்பையில் தேத்தண்ணீர் முடிந்தபோது ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை விடியவே மேளம் கேட்டது. தெரு முழுக்கச் சனம். சுட்ட சோளம், இனிப்பு மா உருண்டை, பிள்ளைகளின் கத்தல், மூலையில் ஒரு பொலிஸ்காரர். றிச்மண்ட் ஹில் தேர் நாளில் பார்க்கிங் கிடைக்காமல் பேவியூ றோட்டில் சண்டை பிடிக்கிற எங்கள் சனத்தைப் போல இங்கேயும் ஒரு காரும் ஒரு தாத்தாவும் தகராறில் நின்றார்கள். பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. நாங்கள் தெருவில் இறங்கவில்லை. ஹராசான், நான், நிரோ மூவரும் விளக்கில்லாத அந்த வாசலின் நிலைக்கு உள்ளேயே நின்றோம். ஹராசான் கறுப்பு உடுத்தியிருந்தார். நிரோ வெள்ளைச் சேர்ட்டில் நின்றான்.

"அப்பாவுக்கு எடுங்கோ அம்மா," என்றான். வீடியோவில் இவர் வந்தார். பல நாள் தாடி, பின்னால் கொக்குவில் வீட்டுச் சுவர். தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காவேல்லையோடா?"

"இல்லை அப்பா. பாருங்கோ, வருது."

நிரோ போனைத் தெருப் பக்கம் திருப்பிப் பிடித்தான். மிக்கோஷி என்கிற அந்தச் சாமிப் பெட்டி பொன்னும் கறுப்புமாக, உச்சியில் ஒரு பறவையோடு, நீலச் சட்டைகளின் மேல் ஏறி இறங்கி வந்தது. முன்னால் மேளம். "வஷ்ஷோய், வஷ்ஷோய்" என்று எல்லோரும் ஒரே மூச்சில் கத்தினார்கள். எங்கள் அரோகராவுக்கு நான் கண்ட ஒரே சோடி அதுதான். நிலமே அதிர்ந்தது. நிரோவின் வலது தோள் அவனுக்குத் தெரியாமலே கொஞ்சம் உயர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டைத் தாண்டியதும் தெருச் சங்கத் தலைவர் கையை உயர்த்தினார். மேளம் நின்றது. கத்தல் நின்றது. பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளின் வாயையும் தாய்மார் பொத்தினார்கள். பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டு அத்தனை ஆண்களும் எங்கள் வாசலுக்கு முன்னால் மெதுவாக, காலடிச் சத்தம் மட்டும் கேட்க, நடந்து போனார்கள். தலைவர் ஹராசானைப் பார்த்துக் குனிந்தார். பிறகு நிரோவின் பக்கம் திரும்பி இன்னொரு முறை, அதே ஆழத்துக்குக் குனிந்தார். ஹராசான் அழுதார். நானும் அழுதேன்.

போனுக்குள் இவர் பதறிக்கொண்டிருந்தார். "ஹலோ? ஹலோ? சத்தம் வரேல்லை. லைன் வெட்டிப்போட்டுது போலை."

நிரோ போனைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"லைன் வெட்டேல்லை அப்பா. பெரியப்பாவுக்காக நிப்பாட்டி வைச்சிருக்கினம்."

அந்தப் பக்கமும் சத்தம் அடங்கியது. தெரு முடக்கில் திரும்பி மேளம் மறுபடி தொடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும், கொக்குவிலில் இவரும், அப்படியே நின்றோம்.